ஆறு பேர், பத்துக் கரண்டி

கணக்கு என்னவோ சின்னதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர். ஒவ்வொருவரும் "ஒரே ஒரு வாய்" என்று எடுத்து வைப்பது, சின்னக் கரண்டியால் அளந்தால், மூன்று கரண்டி. ஆறு மூன்று பதினெட்டு. மலையின் வயிறு பிடிப்பது பத்து. மிச்சம் எட்டுக் கரண்டி எங்கே போகும்?

யார் மனமும் நோகாமல் அந்த எட்டுக் கரண்டிக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் சனிக்கிழமைக்குள். அங்கேதான் மலை திணறிக்கொண்டிருந்தார்.

மலை என்பது பட்டறையில் அவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர். லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. பத்தொன்பது வருடமாக அங்கே மெக்கானிக். நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தவர். மூன்று மாதத்துக்கு முன்னால் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது நூற்றெட்டில் நிற்கிறார். பெயர் மட்டும் இளைக்கவில்லை.

அந்த அறுவை சிகிச்சையை நினைத்தால் மலைக்கு இன்னும் வியப்புத்தான். ஒரு பெரிய பையாக இருந்த இரைப்பையை நெடுக வெட்டி, வாழைப்பழத்தின் பருமனுக்கு ஒரு குழாயாக மிச்சம் வைத்துவிட்டார்கள். அது பாதிதான். பசிக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் சுரப்பு பெரும்பாலும் உற்பத்தியாவது வெட்டி எடுத்த பக்கத்தில்தானாம். ஆகவே பையோடு பசியும் போய்விட்டது. நாற்பத்து மூன்று வருடம் காலை பதினொரு மணிக்கு உள்ளே கதவைத் தட்டிய ஆள் திடீரென்று வீடு மாறிப் போனதுபோல இருந்தது. மணி பதினொன்று ஆகும். மலை காது கொடுத்துக் கேட்பார். ஒரு சத்தமும் இருக்காது.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். பட்டறை வாசலில் நின்ற ஒயர்மேன் அவரைச் சுற்றி ஒரு வலம் வந்தான்.

"மலையண்ணே, பின்னாடி இருந்து பார்த்தேன், புது ஆளை எடுத்துட்டாங்களோன்னு பயந்தே போயிட்டேன். பாதி ஆளை எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில அடகு வெச்சிருக்கேன். நீ போய் மீட்டுக்கோ, உனக்குத் தேவைப்படும்."

ஒயர்மேன் ஒல்லியிலும் ஒல்லி. எல்லோரும் சிரித்தார்கள். மலைக்கு உடம்பெல்லாம் இளகியது. இந்தச் சிரிப்புக்காகத்தான் திரும்பி வந்தார். தலைமை அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஒரு மேசை, ஒரு தொலைபேசி, தனி அறை. உடம்பு சரியில்லாதவருக்குத் தோதான வேலை என்று மேலாளரே அழைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். மனைவிக்கு அதில்தான் ஆசை. மலைக்கு அந்தத் தனி அறையை நினைத்தாலே மூச்சு முட்டியது.

மதியம் மேசையில் டப்பாக்கள் திறந்தன. ஃபோர்மேன், ஒயர்மேன், வெல்டர், ஃபிட்டர், டிரைவர், சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்கா என்று ஆறு பேர். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் டப்பாவைத் திறந்ததும் முதல் வாய் மலையின் தட்டுக்குப் போகும். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. மலை சாப்பிட்டு, "மீன்ல இன்னிக்குப் புளிப்பு தூக்கல்", "முட்டை பிரமாதம்" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

மூன்று மாதம் தீர்ப்பு இல்லாமல் சாப்பிட்டவர்கள் அன்று விடுவார்களா? ஆளுக்கு ஒரு வாய் தட்டில் விழுந்தது.

"அண்ணே, நான் இப்ப..." என்று மலை தொடங்கினார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுடா," என்றார் ஃபோர்மேன். "உனக்கு மூணு மாசம் ஆச்சு. சாப்பிடு."

யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே சோளப்பொரிப் பசிக்கு யானைத் தீனி. மலை சாப்பிட்டார். பத்தாவது கரண்டியில் நெஞ்சுக்குக் கீழே ஒரு முடிச்சு விழுந்தது. பதின்மூன்றாவதில் நெற்றி வியர்த்தது. தொலைபேசி வந்ததுபோல எழுந்து போய், பட்டறைக்குப் பின்னால் இரும்புக் கழிவு கொட்டும் இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க, தையல் போட்ட வயிறுங்க அது, கோணிப்பை இல்ல. இன்னொரு தடவை இப்படி வந்து நின்னீங்கன்னா, அந்தப் புகார் மேசைக்கு நானே ஃபோன் பண்ணி உங்க பேரைச் சொல்லிடுவேன்."

"வேண்டாம்னு சொன்னா அவங்க மனசு..."

"அவங்க மனசு பெருசாத்தான் இருக்கு. உங்க வயிறு பெருசா இல்லையே!"

அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பிரச்சினையும் அடங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மலை தந்திரம் செய்தார். எல்லோர் வாயையும் வாங்கி, இரண்டு கரண்டி தின்று, "மிச்சத்தை வீட்டுல நிதானமாச் சாப்பிடறேன்" என்று டப்பாவில் அடைத்துக்கொண்டார். டப்பாவைப் பட்டறை வேனிலேயே மறந்துவிட்டார். மறுநாள் காலை வேனைத் துடைக்க வந்த டிரைவர் அதை எடுத்து ஸ்டோர் அக்காவிடம் கொடுத்தார். அக்கா திறந்து பார்த்தாள். ஆறு பேரின் சமையலும் ஒன்றாகக் கலந்து, ஊசிப்போய்க் கிடந்தது. கழுவித் துடைத்து மலையின் அலமாரியில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதன்கிழமை மலை மனதைக் கல்லாக்கிக்கொண்டார். முதல் கரண்டி நீளும்போதே தட்டின் மேல் கையை விரித்துக் கவிழ்த்தார்.

"யாரும் எனக்கு எதுவும் வெக்காதீங்க. என் சாப்பாடு என் டப்பாவுல இருக்கு."

நீட்டிய கரண்டி ஒரு நொடி நடுவானில் நின்று, திரும்பிப் போனது. ஃபிட்டர் தன் டப்பாவுக்குள் குனிந்துகொண்டார். ஒயர்மேன் ஜோக் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தண்ணீர் குடித்தான். மலை பத்துக் கரண்டியை, டாக்டர் சொன்னபடி, ஒவ்வொன்றையும் இருபது முறை மென்று, இருபத்தைந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தார். வயிறு சமத்தாக இருந்தது. ஆனால் ஆறு பேருக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்த இடம், அந்தத் தனி அறைபோலவே இருந்தது.

கை கழுவும் இடத்தில் ஸ்டோர் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"தம்பி, நான் ஒண்டிக்கட்டை. ஒருத்திக்குச் சமைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அளவே வராது. உன்னை நினைச்சு ரெண்டு கரண்டி சேர்த்துப் போடுவேன், அப்பதான் அது சமையல் மாதிரி இருக்கும். பதினோரு வருஷம். இப்ப அந்த ரெண்டு கரண்டியை நான் என்ன பண்றது, சொல்லு?"

வாங்கினால் உடம்பு தாங்காது. வாங்காவிட்டால் மனசு தாங்காது.

வியாழக்கிழமை ஒரு வேலை வந்தது. எட்டு மாடிக் கட்டடம். கீழ் மாடிகளில் மருத்துவர்களின் அறைகள், மேலே வீடுகள். நான்காம் மாடிக்காரர்கள் ஆறு முறை புகார் செய்திருந்தார்கள்: "எங்க மாடிக்கு மட்டும் லிஃப்ட் வர்றதில்லை." ஃபோர்மேனும் ஒயர்மேனும் மலையும் போனார்கள். முந்தைய நாளின் மௌனம் வேனிலும் கூடவே வந்தது.

ஃபோர்மேன் நான்காம் மாடியில் கடிகாரத்தோடு நின்றார். பொத்தானை அழுத்தியதிலிருந்து கதவு திறக்கும்வரை சராசரி நாற்பது நொடி. ஐந்தாம் மாடியில் நாற்பத்திரண்டு. லிஃப்ட் ஒழுங்காகத்தான் வருகிறது. கதவைப் பார்த்தார்கள், கம்பிகளைப் பார்த்தார்கள். நான்காம் மாடிப் பொத்தானில் மட்டும் உள்ளே இருக்கும் குட்டி விளக்கு எரியாமல் இருந்தது. "அது கிடக்கட்டும், கிளம்பறப்ப மாத்திக்கலாம்," என்றார் ஃபோர்மேன். "முதல்ல குழியைப் பார்க்கணும்."

லிஃப்டின் கூண்டு ஓடும் நீண்ட கிணறு, கீழ்த்தளத்துக்கும் கீழே ஒரு ஆள் ஆழத்துக்குப் போகும். அதுதான் குழி. இறங்க ஓர் இரும்பு ஏணி. ஏணியின் தலையில் ஒரு தகடு: நூற்றிருபது கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது.

ஒயர்மேன் வழக்கம்போல இறங்கக் காலை வைத்தான். மலை அவன் தோளைத் தொட்டார்.

"இரு. நான் இறங்கறேன்."

ஒயர்மேன் தகட்டைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். மனதுக்குள் ஒரு கழித்தல் போட்டதுபோலக் கண்ணை மூடித் திறந்தான். விலகி வழிவிட்டான்.

பத்தொன்பது வருடம் மலை லிஃப்டுகளை மேலிருந்துதான் பார்த்திருந்தார், மாடியின் உச்சியில் மோட்டார் இருக்கும் அறையிலிருந்து. கீழே என்ன நடக்கிறது என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டதுதான். இப்போது ஏணியின் ஒவ்வொரு படியும் அவரைத் தாங்கியது. குழியின் தரையில் நின்று, நிறுத்தும் விசையைச் சரிபார்த்துவிட்டு, அண்ணாந்து பார்த்தார்.

எட்டு மாடி உயரத்துக்கு ஒரு கிணறு. ஒவ்வொரு மாடிக் கதவின் இடுக்கிலிருந்தும் ஒரு வெளிச்சக் கீற்று உள்ளே எட்டிப்பார்த்தது, ஒன்றின் மேல் ஒன்றாக எட்டுக் கீற்றுகள். நடுவே கயிறுகள். ஒயர்மேன் மேலிருந்து கூண்டை ஒரு மாடி நகர்த்தினான். கூண்டு ஓசையில்லாமல் ஏற, எதிர்ப்பக்கத்தில் இரும்புப் பாளங்கள் அடுக்கிய எடைச்சட்டம் அதே வேகத்தில் இறங்கி வந்தது. தராசின் இரண்டு தட்டுகள்போல. கூண்டின் எடையையும், அதில் ஏறக்கூடிய ஆட்களின் எடையில் பாதியையும் அந்த எடைச்சட்டம் எப்போதும் சுமந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் ஒரு சின்ன மோட்டாரால் பத்துப் பேரைத் தூக்க முடிகிறது. இதெல்லாம் மலைக்குத் தெரியும், படம் போட்டே காட்டுவார். ஆனால் தெரிந்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு.

"என்னடா, உள்ள ஏதாவது இருக்கா?" என்று ஃபோர்மேன் மேலிருந்து கத்தினார்.

"இருக்குண்ணே! எல்லாமே இருக்கு!"

"என்ன கோளாறுன்னு கேட்டேன்டா!"

"கோளாறு ஒண்ணும் இல்லை!"

ஏணியில் ஏறி மேலே வந்தார். சிலந்தி வலையும் எண்ணெயுமாக நின்றவரைப் பார்த்து, "முதல் தடவை கடலைப் பார்த்தவன் மாதிரி நிக்கறீங்க," என்றான் ஒயர்மேன். முந்தைய நாளுக்குப் பிறகு அவன் சொன்ன முதல் ஜோக்.

எங்கும் கோளாறு இல்லை. கடைசியில், கிளம்பும்போது, மலை நான்காம் மாடிக்குப் போய் அந்தக் குட்டி விளக்கை மாற்றினார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மாற்றிவிட்டு, சரியாக எரிகிறதா என்று பார்க்கப் படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்தார்.

காலையில் அதே இடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்திருந்தார்கள். பொத்தானைப் பதினொரு முறை குத்தி, கதவைக் காலால் உதைத்து, "செத்த லிஃப்ட்!" என்று திட்டிவிட்டுப் படியில் இறங்கியவர். இப்போது அவரே வந்தார். பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. பெரியவர் கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். லிஃப்ட் கீழே போய், அங்கிருந்தவர்களை ஏற்றி, இரண்டாம் மாடியில் இறக்கி, நிதானமாக வந்தது. மலை கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு நொடி. காலையில் எடுத்ததைவிட அதிகம்.

பெரியவர் உள்ளே ஏறும்போது மலையைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப சரியாயிடுச்சே! முன்னாடியே பண்ணியிருக்கக் கூடாதா?"

கதவு மூடியது. மலை எழுந்திருக்கவில்லை.

லிஃப்டில் எதுவும் மாறவில்லை. அதே கூண்டு, அதே வேகம், இன்னும் சொல்லப்போனால் தாமதம். எட்டு மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எந்த லிஃப்டாலும் எட்டு இடத்துக்கு ஒன்றாகப் போக முடியாது. போக முயன்றால் கயிறு அறும். அதற்காக யாருடைய அழைப்பையும் அது ஒதுக்குவதும் இல்லை. ஒவ்வோர் அழைப்பையும் குறித்துக்கொள்கிறது. குறித்துக்கொண்டேன் என்று ஒரு விளக்கைக் காட்டுகிறது. பிறகு ஒவ்வொரு மாடியாகப் போகிறது. மனிதர்கள் உடனே வா என்று கேட்கவில்லை. கூப்பிட்டது காதில் விழுந்ததா என்றுதான் கேட்கிறார்கள். அது தெரிந்துவிட்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

திங்களன்று, எட்டு மாடிக்கும் ஒரே நேரத்தில் ஓடிய லிஃப்ட் மலை. புதனன்று, எல்லா விளக்கையும் அணைத்துவிட்ட லிஃப்ட்.

"அண்ணே, வர்றீங்களா, இல்ல இங்கேயே வாடகைக்கு வீடு பார்க்கட்டுமா?" என்று ஒயர்மேன் கீழிருந்து கூப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம், டப்பாக்கள் திறப்பதற்கு முன் மலை மேசையில் தன் தட்டை வைத்தார். தட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். தன் டப்பாவிலிருந்து சின்னக் கரண்டியால் எண்ணி எண்ணிக் கிண்ணத்தில் போட்டார். பத்தாவது கரண்டியில் கிண்ணம் விளிம்பு தட்டியது.

"இதுதான் என் வயிறு," என்றார். "இதுக்கு மேல ஒரு பருக்கை போட்டாலும் வெளிய வந்துடும். திங்கக்கிழமை நீங்க குடுத்ததெல்லாம் பட்டறைக்குப் பின்னாடி போச்சு. ஃபோன் வந்ததுன்னு பொய் சொன்னேன்."

எல்லோரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தவர் வெல்டர். அவர் கவலையே வேறு.

"இவ்வளவு நீளத்துக்கு வெட்டினாங்கன்னா, எப்படி மூடினாங்க? தையலா?"

"குட்டிக் குட்டி டைட்டானியம் பின்னு. வெட்டற கருவியே பின்னும் அடிச்சுக்கிட்டே போகுமாம்."

"வெட்டும்போதேவா!" வெல்டரின் கண் விரிந்தது. "ஒழுகுதான்னு சோதிச்சுப் பார்த்தாங்களா?"

"உள்ள நீலச் சாயம் விட்டு, எங்கயாவது கசியுதான்னு பார்த்துட்டுத்தான் வயித்தை மூடினாங்களாம்."

"அப்படிப் போடு," என்று வெல்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் தண்ணித் தொட்டிக்குப் பண்றதைத்தான் அவங்க வயித்துக்குப் பண்ணியிருக்காங்க. ஆனா என் தொட்டி எழுந்து வேலைக்கு வர்றதில்லையே!" மனிதர்களைப் புகழ்ந்து பழக்கமில்லாத வெல்டர், மலையின் வயிற்றை நோக்கிக் கும்பிடு போட்டார்.

ஃபிட்டர் கிண்ணத்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார். டிரைவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்ணம் கைமாறிக்கொண்டே போனது. "இவ்வளவை வெச்சுக்கிட்டாடா நேத்து அந்தக் குழியில இறங்கி ஏறினே?" என்றார் ஃபோர்மேன். "நான் வேற மருந்து, விருந்துன்னு..."

"விடுங்கண்ணே."

கடைசியாகக் கிண்ணம் ஸ்டோர் அக்காவிடம் வந்தது. அவள் அதைத் தட்டில் வைத்துவிட்டு, தன் டப்பாவின் மூடியை மெல்ல மூடினாள். "அப்ப சரி, தம்பி. இனிமே வெக்கல."

"அக்கா, மூடாதீங்க," என்றார் மலை. "எனக்கு உங்க எல்லார் சாப்பாடும் வேணும். ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல பட்டனை அழுத்தறீங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சுவரில், வேலை ஒதுக்கீட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். இடப்பக்கம் திங்கள் முதல் சனி வரை. வலப்பக்கம் ஆறு பேர்.

ஒயர்மேன் எழுந்துபோய்ப் படித்தான். "எனக்கு ஏன்ணே புதன்? புதன் எங்க வீட்டுல சமையலே சுமாரா இருக்கும்!"

"அப்ப செவ்வாய் வாங்கிக்கோ. எனக்குப் புதன் தோது," என்றார் ஃபிட்டர்.

"இன்னிக்கு வெள்ளி யாரு?" என்று ஃபோர்மேன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நான்," என்றாள் ஸ்டோர் அக்கா. அவள் ஏற்கெனவே மூடியைத் திறந்திருந்தாள்.

மலை கிண்ணத்திலிருந்து மூன்று கரண்டியைத் தன் டப்பாவுக்குத் திருப்பினார். அந்த இடத்தில் அக்கா ஒரு வாய் வைத்தாள். மலை அதை இருபது முறை மென்றார். ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"பீன்ஸ் இன்னும் ஒரு கொதி வெந்திருக்கலாம்," என்றார் மலை.

"ஆமா, பெரிய நீதிபதி," என்றாள் அக்கா, முகமெல்லாம் பல்லாக. மற்ற டப்பாக்கள் படபடவென்று திறந்தன.

சனிக்கிழமை காலை மலை மேலாளருக்குத் தொலைபேசியில் பதில் சொன்னார்: பட்டறையிலேயே இருந்துகொள்கிறேன். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்படிங்க? ஆறு பேரை எப்படிச் சமாளிப்பீங்க?"

மலை விளக்கினார். வாரத்துக்கு வேலை நாள் ஆறு, ஆட்களும் ஆறு. ஒரு நாளைக்கு ஒருவர் மட்டும் ஒரு வாய் தருவார்; அது மூன்று கரண்டி. மிச்சம் ஏழு கரண்டி வீட்டுச் சாப்பாடு. மொத்தம் பத்து. மற்ற ஐந்து பேருக்கும் தங்கள் நாள் என்றைக்கு என்பது சுவரில் எழுதியிருக்கிறது.